ஈறு ஒட்டு: அண்ணத்துச் சதையா, டப்பாவில் வரும் கொலாஜனா?

"ஈறு இறங்கிடுச்சு, கிராஃப்ட் வைக்கணும்" என்று பல் டாக்டர் சொன்னதும், "எதை எடுத்து வைப்பீங்க, வலிக்குமா?" என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: எனக்கு என்ன குறைகிறது, எத்தனை மில்லிமீட்டர் குறைகிறது? இதற்கு விடை கிடைத்தால் எந்தப் பொருள் என்பது பாதி முடிவாகிவிடும். அதைக் கேட்காமல் "அண்ணத்துல வெட்ட வேணாம், டப்பாவுல வர்றதையே வைங்க" என்று முடிவெடுத்தால், பொருள் நல்லதாக இருந்தும் பலன் கிடைக்காமல் போகலாம்.

கடலூர், புதுச்சேரி பக்கம் ஈறு சிகிச்சை நிபுணர்கள் இருக்கிறார்கள். கோரிமேட்டில் மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலைப் பயிற்சி நிறுவனத்திலும், அண்ணாமலை நகர் பல் மருத்துவக் கல்லூரியிலும் ஈறு சிகிச்சைக்கென்று தனித் துறையே உண்டு. பீரியோடான்டிக்ஸ் என்று பலகையில் எழுதியிருக்கும். கீழே உள்ளதைப் படித்துவிட்டுப் போனால் அங்கே சொல்வது புரியும், எதைக் கேட்பது என்பதும் தெரியும்.

முதலில் அளவு

பல்லைச் சுற்றி இரண்டு வகை ஈறு இருக்கிறது. பல்லின் கழுத்தை ஒட்டி, எலும்போடு இறுகப் பிடித்து, வெளிறிய ரோஜா நிறத்தில் இருப்பது கெட்டி ஈறு. அதைத் தாண்டி, சிவந்து பளபளவென்று, உதட்டை இழுத்தால் கூடவே நகர்வது தளர்ந்த சவ்வு. பிரஷ்ஷின் உரசலையும் முறுக்கு கடிக்கும் அழுத்தத்தையும் கெட்டி ஈறு தாங்கும், சவ்வு தாங்காது.

ஆகவே குறைகளும் மூன்று வகை. கெட்டி ஈறு அகலமாக இல்லாதது ஒன்று. அகலம் இருந்தும் காகிதம் போல மெலிந்திருப்பது இன்னொன்று. ஈறு இறங்கி வேர் வெளியே தெரிவது மூன்றாவது. ஒரே பல்லில் மூன்றும் சேர்ந்தும் வரலாம். ஆனால் எது முதன்மை என்று தெரியாமல் பொருளைத் தேர்ந்தெடுக்க முடியாது.

டாக்டர் கையில் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி இருக்கும், அதற்குப் புரோப் என்று பெயர். அதை வைத்து வேர் எத்தனை மி.மீ. தெரிகிறது, கெட்டி ஈறு எத்தனை மி.மீ. அகலம் என்று அளப்பார். கெட்டி ஈறு எங்கே முடிகிறது என்பதை அறிய, கம்பியைப் படுக்கவைத்துச் சவ்வை மேலே தள்ளுவார். சவ்வு சுருண்டு மடிந்து நிற்கும் இடம்தான் எல்லை. தடிமனுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெல்ல நுழைத்தால், அதன் நிழல் ஈறின் ஊடே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் ஈறு சுமார் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. உதட்டை இழுக்கும்போது ஈறு ஓரம் வெளுத்தால், தசைநார் அதைப் பிடித்து இழுக்கிறது என்று பொருள்.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்: பல் இடுக்கில் உள்ள முக்கோண ஈறும் அதன் கீழ் உள்ள எலும்பும் முழுதாக இருக்கின்றனவா? 2011இல் இத்தாலியின் கைரோ குழு வகுத்த முறையில் இது ஆர்டி 1, 2, 3 என்று குறிக்கப்படும். இடுக்கில் இழப்பே இல்லையென்றால் ஆர்டி 1, வேர் முழுதும் மூடும் என்று எதிர்பார்க்கலாம். இடுக்கு இழப்பு முன்பக்க இழப்புக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் ஆர்டி 2, ஓரளவு மூடும். அதைவிட அதிகம் என்றால் ஆர்டி 3. அங்கே எந்தப் பொருளை வைத்தாலும் வேர் முழுதாக மூடாது. விலை உயர்ந்த டப்பாவால் இதை மாற்ற முடியாது. எலும்பு இருக்கும் உயரம்வரைதான் ஈறு நிற்கும்.

அண்ணத்தை இன்னும் எதுவும் மிஞ்சவில்லை

நம் மேலண்ணத்துச் சதையே இன்றுவரை உரைகல். மற்ற எல்லாப் பொருளையும் இதோடுதான் ஒப்பிடுகிறார்கள். அதை எடுக்கும் விதம் இரண்டு.

முதலாவது, மேல்தோலோடு சேர்த்து எடுப்பது. டாக்டர்கள் எஃப்ஜிஜி என்று சொல்வார்கள். அகலம் குறைந்த இடத்துக்கு இதுதான் மருந்து. ஏன் என்றால், ஒட்டுக்கு அடியில் உள்ள திசுதான் மேலே எந்தத் தோல் வளர வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அண்ணத்துத் திசு எங்கே போனாலும் கெட்டித் தோலையே வளர்க்கும். கீழ் முன்பற்கள், கீழ்த்தாடை இம்பிளான்ட்டுகள் (போன பல்லுக்குப் பதிலாக எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகுகள்), பல்செட் மாட்டும் இம்பிளான்ட்டுகள் ஆகிய இடங்களில் இது நன்றாக நிற்கும். நிறம் மட்டும் சேராது. சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டியதுபோல வெளிறிய திட்டாகத் தெரியும். சிரித்தால் தெரியும் மேல் முன்பற்களுக்கு இதை வைப்பதில்லை.

செய்முறை இப்படிப் போகும். ஒட்டு வைக்கும் இடத்தில் சவ்வை மெல்லியதாகச் சீவி விலக்கி, எலும்பின் மேல் உள்ள உறையை மட்டும் விட்டுவைப்பார்கள். அந்த உறை அசையாமல் இருக்க வேண்டும், உதட்டை இழுத்துப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். தையல் நூல் வரும் பொதியின் ஈயத்தாளைக் கத்தரித்து அந்த இடத்தின் அளவுக்கு ஒரு மாதிரி செய்வார்கள். ஒட்டு ஆறும்போது மூன்றில் ஒரு பங்குவரை சுருங்கக்கூடும் என்பதால், 4 மி.மீ. உயரம் வேண்டுமானால் 6 மி.மீ. எடுப்பது வழக்கம். மாதிரியை அண்ணத்தில், கோரைப்பல்லுக்குப் பின்னாலிருந்து முதல் கடைவாய்ப்பல் வரையிலான பகுதியில், ஈறு ஓரத்திலிருந்து 2 அல்லது 3 மி.மீ. தள்ளி வைத்து, 15ஆம் எண் கத்தியால் சுற்றிக் கீறி, 1 முதல் 1.5 மி.மீ. தடிமனுக்கு எடுப்பார்கள். எடுத்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மஞ்சள் மணிகள் போலக் கொழுப்பு ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். முதல் இரண்டு மூன்று நாளுக்கு ஒட்டுக்கு இரத்தக் குழாய் கிடையாது. அடித்தளத்திலிருந்து கசியும் நீரை உறிஞ்சித்தான் அது உயிர் வாழ்கிறது. நடுவில் கொழுப்போ தடித்த இரத்தக் கட்டியோ இருந்தால் அந்த நீர் ஏறாது, ஒட்டு கருகிவிடும். தைத்த பிறகு ஈரத் துணியால் 5 நிமிடம் அழுத்திப் பிடிப்பதும் இதற்காகத்தான். அந்த ஐந்து நிமிடத்தை அவசரத்தில் சுருக்கக் கூடாது.

இரண்டாவது, தோலுக்கு அடியில் உள்ள இணைப்புத் திசுவை மட்டும் எடுப்பது. இதை சிடிஜி என்பார்கள். வேரை மூட 1985இல் லாங்கர் என்ற பெயர் கொண்ட இரு பல் மருத்துவர்கள் இதை விவரித்த பிறகு உலகெங்கும் பரவியது. இந்தத் துண்டை வேரின் மேல் வைத்து, அதன் மேல் ஈறு மடலை (கீறி விலக்கிய ஈறுப் பகுதியை) இழுத்து மூடித் தைப்பார்கள். நிறம் பொருந்தும், தடிமன் ஏறும், வேரும் மூடும். அண்ணம் மெலிந்தவர்களுக்கு, மேல்தோலோடு எடுத்து, வெளியே வைத்துத் தோலை மட்டும் சீவிவிட்டுப் பயன்படுத்துவது நல்ல வழி. தோலுக்கு நெருங்கிய திசு கெட்டியாக, கொழுப்புக் குறைவாக இருப்பதால் பிறகு சுருங்குவதும் குறைவு.

அண்ணத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அங்கே ஓடும் பெரிய தமனி தீர்மானிக்கிறது. மேற்பற்களின் கழுத்திலிருந்து அந்தத் தமனி, தட்டையான அண்ணத்தில் சுமார் 7 மி.மீ., நடுத்தரத்தில் 12 மி.மீ., உயர்ந்து குவிந்த அண்ணத்தில் 17 மி.மீ. தள்ளி இருக்கும். தட்டை அண்ணம் உள்ளவர்களிடம் அகலமான துண்டு எடுக்க இடமே இல்லை. "உங்கள் அண்ணத்தில் எடுக்க முடியாது" என்று டாக்டர் சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுவாக இருக்கும்.

மேல்தாடையில் கடைசிப் பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டிலிருந்தும் சதை எடுக்கலாம். கெட்டியான திசு, வலியும் குறைவு. ஆனால் கிடைப்பது ஒன்றிரண்டு பல்லுக்குத்தான். சிலருக்கு வைத்த இடத்தில் அது தேவைக்கு மேல் தடித்துக்கொள்வதும் உண்டு.

வெளியிலிருந்து வருபவை

இறந்தவர்கள் கொடையாகத் தந்த தோலைச் செல்கள் நீக்கிப் பதப்படுத்தியது ஒரு வகை. அலோடெர்ம் இதில் முதலில் புகழ் பெற்றது. பல பற்களுக்கு ஒரே தடவையில் வேர் மூட வேண்டும், அண்ணத்தில் அவ்வளவு சதை இல்லை என்றால் இது கைகொடுக்கும். முழுதும் ஈறு மடலுக்கு அடியில் மறைய வேண்டும், வெளியே தெரிந்தால் அந்தப் பகுதி உரிந்துபோகும். ஆனால் கெட்டி ஈறு அகலம் அண்ணத்துச் சதை தருமளவுக்கு அதிகரிக்காது.

நம் ஊரில் அதிகம் பேசப்படுவது பன்றித் திசுவிலிருந்து செய்த கொலாஜன், அதாவது திசுவுக்கு உறுதி தரும் புரதம். இதிலும் மூன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மியூகோகிராஃப்ட் என்பது ஈரடுக்குத் தாள், கெட்டி ஈறு அகலத்துக்காக வைப்பது. நனைக்காமல் உலர்ந்தபடியே வைக்க வேண்டும். இரத்தத்தைத் தானே உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும், திறந்த நிலையிலும் ஆறும். ஃபைப்ரோகைடு என்பது 6 மி.மீ. தடிமன் பஞ்சு, தடிமனுக்காக வைப்பது. நனைந்ததும் கால் பங்கு வீங்கும். ஆகவே அதைக் கணக்கிட்டுச் சீவி மெலியவைத்து, ஓரங்களைச் சரிவாக்கி, இழுவிசை இல்லாமல் முழுக்க மூடித் தைக்க வேண்டும். மடல் பிரிந்து இது வெளியே தெரிந்தால் வைத்ததன் பலன் பெருமளவு போய்விடும். மூன்றாவது மியூகோடெர்ம், பன்றித் தோலின் உள்அடுக்கு. 1.2 முதல் 1.7 மி.மீ. தடிமன், உப்புநீரில் 5 முதல் 20 நிமிடம் ஊறவைத்துத்தான் வளையும். திறந்து வைக்க வேண்டியதை மூடுவதும், மூட வேண்டியதைத் திறந்து விடுவதும் இந்தப் பொருள்களில் நடக்கும் முக்கியத் தவறு.

கோடையில் கடலூர் வெயிலுக்கு இன்னொரு கவனம் தேவை. டப்பா உறையில் போட்டிருக்கும் வெப்ப வரம்பைப் பார்க்க வேண்டும். 25 டிகிரிக்கு மேல் கூடாது என்றிருப்பதை பஸ் பார்சலில் மதியம் முழுக்கப் போட்டு வரவழைத்தால் அது வரம்பில் இருந்ததாகச் சொல்ல முடியாது. டப்பாவின் ஸ்டிக்கரில் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் இருக்கும், அதை உங்கள் கோப்பில் ஒட்டச் சொல்லுங்கள்.

இவை பன்றித் திசு என்பதை முன்கூட்டியே சொல்லாமல் வைப்பது தவறு. பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம், லால்பேட்டை, காரைக்கால் என்று முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் ஊர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. சைவ உணவுப் பழக்கமுள்ள குடும்பங்களும் ஏராளம். அண்ணத்துக் காயத்தில் வைக்கும் கொலாஜன் பஞ்சுகூட மாட்டிலிருந்தோ மீனிலிருந்தோ வந்திருக்கலாம். எம்டோகைன் என்ற ஜெல் பன்றிப் பல்லின் புரதம். "இது எதிலிருந்து செய்தது?" என்று ஒவ்வொரு பொருளுக்கும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, அதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. மனம் ஒப்பாவிட்டால் உங்கள் சொந்தச் சதை இருக்கவே இருக்கிறது.

சொந்த இரத்தத்தில் செய்யும் பிஆர்எஃப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "உங்க இரத்தம்தான், பக்கவிளைவே கிடையாது" என்று இது எல்லாவற்றுக்கும் மாற்றாகச் சொல்லப்படுகிறது. கையிலிருந்து 10 மி.லி. குழாய்களில், உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காமல் இரத்தம் எடுத்து, உடனே சுழற்றி எடுக்கும் சவ்வு இது. பழைய முறையில் நிமிடத்துக்கு 2700 சுற்று, 12 நிமிடம். குழாயில் எடுத்து ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் சுழற்றாவிட்டால் இரத்தம் குழாய்க்குள்ளேயே உறைந்து, சரியான சவ்வு கிடைக்காது. இது சில வாரத்துக்குள் கரைந்துவிடும். வேரை மூடும் மடலுக்கு ஓரளவு துணை செய்யும், ஆனால் கெட்டி ஈறு அகலத்தைக் கூட்டாது, அண்ணத்துச் சதைக்கு ஈடும் ஆகாது. இதன் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது: அண்ணத்துக் காயத்தின் மேல் வைத்துத் தைத்தால் வலி குறைந்து சீக்கிரம் ஆறுகிறது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனைத் திசு வங்கி தரும் பனிக்குடச் சவ்வும் (கருவைச் சுற்றியிருக்கும் சவ்வு) இங்கே புழங்குகிறது. மிக மெல்லியது. காயத்தை மூடும், தடிமன் தராது.

இம்பிளான்ட் என்றால்

பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே நார்ப்படலம் உண்டு, ஈறின் நார்கள் வேரிலேயே ஊன்றி நிற்கும். டைட்டானியத்தில் நார்கள் ஊன்றாது, சுற்றிப் படுத்திருக்கும். இரத்த ஓட்டமும் குறைவு. அதனால் இம்பிளான்ட்டைச் சுற்றி இறங்கிய ஈறை மேலே ஏற்றுவது பல்லில் செய்வதைவிடக் கடினம். குறை வந்த பிறகு ஏற்றுவதைவிட, கிரவுன் (மேலே மாட்டும் செயற்கைப் பல்) போடும் முன்பே சதையைக் கூட்டுவது புத்திசாலித்தனம். இம்பிளான்ட் வைக்கும்போதோ, ஈறுக்குள் புதைந்திருக்கும் அதைத் திறக்கும் இரண்டாம் கட்டத்திலோ செய்துகொள்ளலாம்.

வேண்டியது என்ன? சுற்றிலும் 2 மி.மீ. கெட்டி ஈறு இருந்தால் பிரஷ் வைக்கும்போது வலிக்காது. உயரவாட்டில் 2 மி.மீ.க்குக் குறைந்த ஈறு என்றால், ஓரத்து எலும்பு கரைந்து தனக்கான இடத்தை அது எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். பக்கவாட்டில் 2 மி.மீ.க்குக் குறைந்தால் டைட்டானியத்தின் சாம்பல் நிறம் மேல் முன்பல்லில் நிழலாகத் தெரியும். தடிமனுக்கு சிடிஜி முதல் தேர்வு, கொலாஜன் பஞ்சு அடுத்தது. கீழ்த்தாடையில் அகலத்துக்கு எஃப்ஜிஜி. நீண்ட இடத்துக்கு ஒரு நல்ல நடுவழியும் உண்டு. அண்ணத்திலிருந்து 2, 3 மி.மீ. அகல நாடா மட்டும் எடுத்துக் கீழ் எல்லையில் வேலிபோலத் தைத்து, மீதி இடத்தைக் கொலாஜன் தாளால் மூடுவார்கள். சவ்வு மேலேறி வருவதை நாடா தடுக்கும், அண்ணத்துக் காயமும் சிறிதாகும்.

நாள் குறிக்கும் முன்

சர்க்கரை உள்ளவர்கள் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) பார்த்துக்கொள்ளுங்கள். 7க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, 8ஐத் தாண்டினால் தள்ளிப்போடுவதே சரி. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதித் தந்த இதய டாக்டர் சொல்ல வேண்டும். புகையிலை, சிகரெட், வெற்றிலை பாக்கு எல்லாவற்றையும் குறைந்தது இரண்டு வாரம் முன்பே விடுங்கள். புகைப்பவர்களுக்கு ஒட்டு தோற்கும் வாய்ப்பு கூடுகிறது, எந்தப் பொருளாலும் அதை ஈடுகட்ட முடியாது. பாக்கு போட்டுக் கன்னம் இறுகியிருந்தால் மடலை இழுக்கவே முடியாமல் போகலாம். வாய் திறக்க முடிகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பல் சுத்தம் செய்து, பிரஷ் பிடிக்கும் முறையை மாற்றிய பிறகே ஒட்டு. சொரசொரப்பான பல்பொடியால் குறுக்கே அழுத்தித் தேய்த்து இறங்கிய ஈறு, அதே பழக்கம் தொடர்ந்தால் மறுபடி இறங்கும்.

இரண்டு காயம் ஆறும் நாட்கள்

அண்ணத்தில் எடுத்திருந்தால், வைத்த இடத்தைவிட எடுத்த இடம்தான் வலிக்கும். முன்கூட்டியே அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் தகடு இருந்தால் சாப்பிடுவது எளிது. அன்று இரத்தம் கசிந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, ஈரமான சுத்தமான காஸ் துணியால் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். துப்பிக்கொண்டே இருந்தால் நிற்காது. அதற்கும் நிற்காவிட்டால் டாக்டரைக் கூப்பிடுங்கள். மேல்தோலோடு எடுத்த காயம் மூட இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்.

முதல் சில நாள் ஆறிய இட்லி, குழைந்த தயிர் சாதம், ஆறவைத்த கேழ்வரகுக் கூழ், இளநீர், நுங்கு. சூடான சாம்பார், மிளகாய் ஏறிய மீன் குழம்பு, முறுக்கு, வறுத்த முந்திரி எல்லாம் காத்திருக்கட்டும். உறிஞ்சுகுழல் வேண்டாம். மது வேண்டாம். ஒட்டு வைத்த பக்கத்தில் இரண்டு மூன்று வாரம் பிரஷ் போடக் கூடாது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் நாளுக்கு இரண்டு வேளை, கொப்பளிப்பதாக இல்லாமல் வாயில் மெதுவாக வைத்திருந்து வெளியே வழியவிடுங்கள். காபி, டீயோடு சேர்ந்து பல்லில் பழுப்புக் கறை படியும், பிறகு டாக்டர் எடுத்துவிடுவார். பற்பசை போட்டு அரை மணி நேரம் கழித்தே மவுத்வாஷ்.

உதட்டைத் தூக்கிக் கண்ணாடியில் பார்க்காதீர்கள். வீட்டில் யாராவது "காட்டு பார்க்கலாம்" என்றாலும் காட்டாதீர்கள். நன்றாகத் தைத்த ஒட்டு கெடுவதற்கு இந்த ஒரு இழுப்பு போதும். அசைந்தால் புதிதாக ஏறும் இரத்தக் குழாய்கள் அறுந்துபோகும்.

எஃப்ஜிஜி வைத்தவர்களைப் பயமுறுத்துவது அதன் நிறம். முதல் நாள் வெளுத்திருக்கும். மூன்றாம் நான்காம் நாள் வெள்ளையும் சாம்பலுமாகப் படலம் கட்டி உரியும். பார்ப்பவர்கள் சீழ் என்று நினைத்துத் துடைக்கப் பார்ப்பார்கள். அது செத்த மேல்தோல் மட்டுமே, அடியில் திசு உயிரோடு இருக்கிறது. ஒரு வாரத்தில் சிவந்து, இரண்டு வாரத்தில் ரோஜா நிறம் ஏறும். கவலைப்பட வேண்டியது வேறு: ஒட்டு நாக்கு பட்டதும் அசைவது, கருத்து நாற்றம் வருவது, மூன்றாம் நாளுக்குப் பின் வலியும் வீக்கமும் ஏறுவது, காய்ச்சல். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே போங்கள்.

தையல் 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். ஒட்டின் ஓரம் சற்றுச் செத்தாலும் மீதி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். முழுதாகச் செத்தால் இரண்டு மூன்று மாதம் ஆறவிட்டு மறுபடி செய்யலாம். அதற்குள் அவசரப்பட்டு அதே இடத்தில் கத்தி வைக்கக் கூடாது.

இம்பிளான்ட்டுக்குச் செய்திருந்தால் இறுதிக் கிரவுனுக்கு அளவெடுக்க மூன்று மாதமாவது பொறுங்கள், ஈறு ஓரம் அதுவரை நகரும். பல்லில் என்றால் ஆறாம் மாதம் அதே புரோப்பால் அதே இடங்களில் மறுபடி அளந்து, முதல் நாள் எழுதிய எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.